பின்னால் விளக்கு எரிகிறதா?

டெவானி குடும்பத்து அண்ணனும் தங்கையுமான நாங்கள் இந்த வயதில் பரம்பரை வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு வந்தது ஏன் என்று எங்கள் ஊர் கில்லவீனில் பலவிதமாகப் பேசுகிறார்களாம். குடி என்கிறார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இரண்டும் பொய். கிறிஸ்துமஸ் அன்று ஒரு கிளாஸ், அதற்கு மேல் நான் மதுவைத் தொட்டதில்லை. எழுபத்தாறு வயதிலும் என் சைக்கிளை நானே கழற்றி நானே மாட்டுகிறேன். பேயைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரை என் அப்பா வாசலோடு திருப்பி அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இதை எழுதுகிறேன் என்றால், இது நடந்தது என்பதால்தான். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எங்கள் பக்கம் ரயில் நின்றுபோய் அறுபது வருடம் ஆகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு பழைய தடங்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து, சைக்கிள் விடுவதற்குப் பசுமைப் பாதை போட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் வட்டம். பழைய ஸ்டேஷனில் புறப்பட்டால் சுற்றி வந்து அதே ஸ்டேஷனில் இறங்கலாம். வியாழக்கிழமைதோறும் நான் ஒரு சுற்றுப் போவேன்.

அந்த வட்டத்தில் பாதி தூரம் போவதற்குள் ஒன்பதாம் நம்பர் ரயில்வே கேட் வரும். இப்போது அங்கே கூரை இல்லாத ஒரு சிறிய வீடும், கார் நுழையாமல் இருக்க நட்ட மூன்று மரக்கம்பங்களும்தான் இருக்கின்றன. ரயில் ஓடிய காலத்தில் அந்த கேட்டைக் காத்தது எங்கள் குடும்பம். கடைசியாகக் காத்தவர் என் அத்தை ஹனோரா.

கேட் காப்பவர்கள் ரயிலின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முதுகைத்தான் பார்ப்பார்கள். கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால், ரயில் போய்விட்டது, கேட்டைத் திறக்கலாம். இரண்டு சிவப்பு விளக்கு எரிந்தால், பின்னாலேயே இன்னொரு ரயில் வருகிறது, திறக்கக் கூடாது. சந்தை நாட்களில் மாடுகளை ஏற்றிக்கொண்டு இப்படி இரண்டு ரயில்கள் அடுத்தடுத்து வருவது உண்டு.

1938ஆம் வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, செத்தவர்கள் வீடு வந்து போவார்கள் என்று சொல்லும் ஆன்மாக்கள் தினம். சந்தை முடிந்த மாலை. முதல் ரயில் போனதும் அத்தை கேட்டைத் திறந்தார். சந்தையிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த கோல்மன் ஹெஷன் என்பவர் கடந்தார். இரண்டாவது ரயில் அவரை அடித்துவிட்டது. புறப்படும்போது இரண்டு விளக்கும் மாட்டித்தான் அனுப்பினோம் என்று ரயில்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ஒரு விளக்குதான் எரிந்தது என்று அத்தை சொன்னார். சாகும்வரை அதையேதான் சொன்னார். யாரும் நம்பவில்லை. எங்கள் ஊரில் பகையாளி வீட்டுச் சாவுக்கும் போவார்கள். டெவானிகளும் ஹெஷன்களும் மட்டும் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பசுமைப் பாதைக் குழுவினர் அந்த கேட்டில் ஒரு விவரப் பலகை வைக்க முடிவு செய்தார்கள். குழுத் தலைவர் மாலக்கி, என்னோடு பள்ளியில் படித்தவர். நான் அவரைத் தேடிப் போன அன்றும் நவம்பர் இரண்டு. வியாழக்கிழமை. பழைய ஸ்டேஷனில் இப்போது நடக்கும் தேநீர்க் கடையில் அவரைப் பிடித்தேன்.

"பலகையில என்ன எழுதியிருக்கீங்க?"

"நடந்ததை எழுதியிருக்கோம்."

"படி, கேக்கறேன்."

மாலக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைத் தூர நீட்டிப் படித்தார். "கேட் கீப்பரின் தவறால் இங்கே ஓர் உயிர் பறிபோனது."

"தவறுன்னு யார் சொன்னா?"

"எம்பத்தஞ்சு வருஷமா ஊரே சொல்லுதுய்யா. உங்க வீட்டைத் தவிர."

"ஒரு வெளக்குதான் எரிஞ்சது. அந்த வரியை எடு."

"சாட்சி கொண்டா, எடுக்கறேன். இன்னைக்கு நாளும் நல்ல நாள். அத்தையையே பின் சீட்ல ஏத்திக்கிட்டு வந்துடு. ஞாயித்துக்கிழமை பலகையைத் திறக்கறதுக்குள்ள வந்தாப் போதும்."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"கோவிச்சுக்காத ஃபின்டன். ரொட்டியை அப்படியே வெச்சுட்டுப் போறியே."

"நீயே தின்னு. உன் பேட்டரி சைக்கிள் எவ்வளவு பாரம் வேணா இழுக்கும்."

வெளியே வந்தேன். மணி நான்கு ஆகப் பத்து நிமிடம். அந்தப் பலகையை எங்கே நடப்போகிறார்கள் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. எங்கள் பழைய கேட் வீட்டு வாசலுக்கு நேரே அந்த வரியை நட்டால், அதைப் பிடுங்கி எறியவும் தயாராக இருந்தேன்.

முதல் ஆறு கிலோமீட்டர் எப்போதும் போலத்தான். இரண்டு பக்கமும் முள்வேலி. ஈரத் தார்ப்பாதை. எதிரே நாயோடு ஒரு பெண் வந்தாள், தலையசைத்தாள், போனாள். அதற்குப் பிறகு எதிரே யாரும் வரவில்லை.

சதுப்பு நிலம் தொடங்கும் இடத்தில் மூடுபனி இறங்கியது. சைக்கிளின் முன் விளக்கையும் பின் விளக்கையும் போட்டேன். பின் விளக்கு புதியது. விட்டு விட்டு எரியும் வகை. எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினேன்.

கொஞ்ச தூரத்தில் மாட்டு வாடை அடித்தது.

நவம்பரில் மாடுகளை வயலில் விடுவதில்லை. எல்லாம் கொட்டிலில் இருக்கும். அந்தப் பக்கம் கொட்டிலும் கிடையாது. ஆனாலும் நெருக்கி அடைத்த மாடுகளின் ஈர வாடை. அதோடு நிலக்கரிப் புகை.

காற்றில் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். காற்றே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்து, சக்கரத்தின் ஓசை மாறியது. தார்ப்பாதையில் சைக்கிள் ஒரே சீராக உஸ்ஸென்று போகும். இப்போது தட்... தட்... தட்... என்றது. சமமான இடைவெளி. டயரில் கல் குத்தியிருக்கிறது என்று இறங்கினேன். டயரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாதையைத் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பான தார்தான்.

ஏறி மிதித்தேன். தட்... தட்... தட்...

தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மேல் ஓட்டுவது போல.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பின்னால வெளக்கு எரியுதா, பாருங்க."

சாதாரணக் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கும் குரல். பாதையில் சைக்கிள் விடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுதான். நான் வேகத்தைக் குறைத்து, அவர் முந்திப் போகட்டும் என்று ஓரம் கட்டினேன்.

யாரும் முந்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் பின் விளக்கின் சிவப்பு வெளிச்சம் பனியில் பட்டு மறைந்து பட்டு மறைந்தது. வேறு எதுவும் இல்லை.

மிதித்தேன். வேகமாக மிதித்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒன்பதாம் கேட் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நாற்பத்தொன்று. மரக்கம்பங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லை. சாலையின் குறுக்கே இரண்டு பக்கமும் வெள்ளை கேட்டுகள் சாத்தியிருந்தன. உயரமான மர கேட்டுகள். நடுவில் சிவப்பு வட்டம்.

சாலைக்கு அடைத்திருக்கிறது. அப்படியென்றால் தடத்துக்குத் திறந்திருக்கிறது.

நான் தடத்தில் நிற்கிறேன்.

கேட்டின் ஓரத்தில் ஒரு பெண். தலைக்கு மேல் கோட்டைப் போர்த்தியிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"எறங்கு," என்றாள். "தடத்தை விட்டு எறங்கு."

சைக்கிளோடு புல்லில் விழுந்தேன்.

அது போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மண் அதிர்ந்தது. முகத்தில் சூடு அடித்தது. இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம். அதற்கு நடுவே மாடுகளின் அலறல்... நீளமாக... நீளமாக...

பிறகு அதன் முதுகு தெரிந்தது.

சிவப்பு விளக்கு.

ஒன்று.

நான் எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஒன்றுதான். அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எண்பத்தைந்து வருடத்துப் பழி அந்த ஒரு விளக்கில் தீர்ந்துபோனது.

"ஒண்ணு," என்றாள் அவள். திரும்பவில்லை. "நீயும் பாத்தியா?"

"பாத்தேன்," என்றேன்.

அவள் கேட்டைத் திறந்தாள்.

கிரீச்...

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். திறக்காதே அத்தை என்று கத்த வாயைத் திறந்தேன்.

குரல் வரவில்லை.

சாலையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தொப்பி. நீண்ட கோட்டு. என் பக்கத்தில் வந்தபோது வேகத்தைக் குறைத்தார்.

"பின்னால வெளக்கு எரியுதா, பாருங்க."

பார்த்தேன். சீட்டுக்குக் கீழே கயிற்றில் கட்டித் தொங்கியது. கனத்த இரும்பு விளக்கு. ஒரு குடம் அளவு. சைக்கிளில் யாரும் மாட்டாத விளக்கு.

"எரியுது," என்றேன்.

அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு வந்தது.

அவர் தடத்தில் ஏறினார்.

இரண்டாவது வந்தது.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மூன்று மரக்கம்பங்கள். கூரை இல்லாத வீடு. என் சைக்கிளின் பின் விளக்கு புல்லில் கிடந்தபடி மின்னிக்கொண்டிருந்தது. மணி நான்கு நாற்பத்தைந்து. வட்டத்தை முடிக்கவில்லை. வந்த வழியே போகவும் இல்லை. சாலை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தேன். என் தங்கை டிம்ப்னா கேட்டதற்கு, பஞ்சர் என்றேன்.

மறுநாள் ஹெஷன் வீட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதித்த முதல் ஆண் நான்தான். கோல்மன் ஹெஷனின் மகள் ஊனா, தொண்ணூறு தாண்டியவர், தனியாக இருந்தார். கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டெவானி மூஞ்சி. ஹனோராவோட அதே மூக்கு. உக்காரு, டீ போடறேன்."

"டீ குடிக்க வரலை. ஒரு வெளக்குதான் எரிஞ்சதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். என் கண்ணால பாத்தேன்."

அவர் கெட்டிலை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"பின்னால வெளக்கு எரியுதான்னு கேட்டாரா?"

நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஊனா சொன்னார். அந்த நாளில் சந்தை முடிந்து விளக்கு இல்லாமல் சைக்கிளில் போகிறவர்களைப் போலீஸ்காரர் வழியில் நின்று பிடிப்பாராம். கோல்மனிடம் விளக்கு இல்லை. ஸ்டேஷனில் நின்ற முதல் ரயிலின் முதுகில் இரண்டு எரிந்தன. ஒன்றைக் கழற்றித் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

"உடம்பை எடுக்கப் போனப்ப அந்த வெளக்கைப் பாத்தது உங்க அத்தை மட்டுந்தான். கோட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டாந்து எங்க அம்மா கையில குடுத்தா. திருடன் பொண்டாட்டின்னு ஒன்னைய யாரும் சொல்லக் கூடாதுன்னு சொன்னா. எனக்கு அப்ப ஆறு வயசு. இதே அடுப்பாங்கரையில நின்னு பாத்தேன்."

"அத்தைக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா..."

"ஒரு வெளக்குன்னு சொன்னா. அது பொய் இல்லை. மிச்சத்தைச் சொல்லவே இல்லை."

பிறகு அவர்தான் கேட்டார்.

"நீ என்ன பதில் சொன்னே? எரியுதுன்னுதானே?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு." ஊனா பின்கதவைப் பார்த்தார். "வருஷா வருஷம் அந்த நாள்ல எங்க அப்பா இந்தக் கதவுக்கு வந்து கேப்பார். எரியுதுன்னு சொன்னாப் போயிடுவார். ஒரு வருஷம் எங்க அம்மா அலுத்துப்போய், எரியலைன்னு சொல்லிட்டா."

"அப்புறம்?"

"பத்த வைக்க உள்ள வந்துட்டார்."

கெட்டில் கொதித்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எங்க அம்மா இந்த வீட்டில வெளக்கு ஏத்த விட்டதில்லை. என்ன பாத்தான்னு சொன்னதும் இல்லை." என் கையைப் பிடித்தார். ஐஸ் போல இருந்தது அந்தக் கை. "நீ இங்க வந்து இதைத் தெரிஞ்சுக்கிட்டிருக்க வேணாம் தம்பி. வெவரம் தெரிஞ்ச வீட்டுக்குத்தான் அவர் வருவார். எனக்கப்புறம் இங்க யாரும் இல்லை. நான் போனப்புறம் நீ யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திறந்தார்கள். கேட் கீப்பரின் தவறால் என்று அப்படியே இருந்தது. மாலக்கி என் பக்கம் வந்து, "சாட்சி கிடைச்சுதா?" என்றார். இல்லை என்றேன். அத்தை தன் மானத்தை ஒரு விதவைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திருப்பிக் கேட்க நான் யார்? நிமிர்ந்து நின்று, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

வீட்டு வாசலில் டிம்ப்னா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா அந்த ஒரு பழிக்குக் குதிச்சே. இன்னைக்குக் கை தட்டறே. ரோஷத்தை எங்க வித்தே அண்ணா?"

அவளிடமும் சொல்லவில்லை. கொடுத்ததைக் கொடுத்ததாகவே வைப்பதுதான் எங்கள் வீட்டு முறை என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் ஊனா ஹெஷன் இறந்தார். சாவுக்குப் போனேன். ஊர் வாயைப் பிளந்தது.

நவம்பர் வந்தது. இரண்டாம் தேதி.

ஆன்மாக்கள் தினத்தன்று இரவு எங்கள் வீட்டில் கதவைத் தாழிடுவதில்லை. இறந்துபோன வீட்டு மூத்தவர்கள் வந்து கணப்பருகே உட்கார்ந்து போவார்கள் என்பது வழக்கம். அன்று மாலை நான் சமையலறைப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். டிம்ப்னா பார்த்துவிட்டாள்.

"அம்மா வந்தா வெளிய நிக்கணுமா?"

அவளே தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். வெறும் கொண்டி மட்டும் மாட்டியிருந்தது.

நான் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல்தானே...

நாலரை ஆனது. ஒன்றும் இல்லை.

நாலே முக்கால் தாண்டியது. ஒன்றும் இல்லை.

ஐந்து ஆனது. மூச்சு விட்டேன். கணப்பு அடங்கியிருந்தது. முன்னறையிலிருந்து நாலு கரித்துண்டு எடுத்துவர எழுந்தேன். அரை நிமிட வேலை.

கூடையில் கை வைத்தபோது, பின்கதவில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"பின்னால வெளக்கு எரியுதா, பாருங்க."

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். வாயைத் திறந்தேன்.

குரல் வரவில்லை.

டிம்ப்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ வழிப்போக்கர் என்று நினைத்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து பார்க்கும் ஓசை கேட்டது.

"இல்லையேப்பா," என்றாள். "எரியலையே. உள்ள வாங்க, தீப்பெட்டி தரேன்."

கொண்டி தூக்கும் சத்தம்.

நான் சமையலறை வாசலுக்கு வந்தபோது வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

இப்போது கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். டிம்ப்னா நலம். சாப்பிடுகிறாள், பூசைக்கு வருகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். என்ன பார்த்தாள் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். பொழுது சாய்ந்தபின் விளக்குப் போட என்னை விடுவதில்லை. அதனால் இதைப் பகலிலேயே, நாளுக்குக் கொஞ்சமாக எழுதினேன். இன்று வெளிச்சம் குறைகிறது. அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள்.